பையக்காவின் லைசென்ஸ்

செய்தி லிஃப்ட் மெக்கானிக்கின் வாய் வழியாகத்தான் அந்தக் கட்டடத்துக்குள் வந்தது. அவனும் நேரில் கேட்டவன் இல்லை. எதிர்க் கட்டடத்து ஜெனரேட்டர்க்காரன் சொன்னானாம். அவனுக்கு அவன் மச்சான் சொன்னானாம். மச்சானுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால், மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் காதைக் குடைந்துகொண்டு, "நெருப்பில்லாம புகையுமா?" என்றான்.

"லைசென்ஸ் இல்லாத செக்யூரிட்டிங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாம். போலீஸ்ல விசாரிப்பாங்களாம், டாக்டர் பார்ப்பாராம், கிளாஸ்ல உக்கார வெச்சுப் பரீட்சை வெப்பாங்களாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தர், பாவம், தலை நரைச்ச மனுஷன். என்னிக்கோ டிக்கெட் எடுக்காம பஸ்ல போய் மாட்டினாராம். அதைத் தோண்டி எடுத்து, நீ வேணாம் போன்னுட்டாங்களாம்."

வாசலில் நின்ற மீசைக் காவலாளி சிரித்தான். "அப்படிப் பார்த்தா இந்த ஊர்ல வாசல் காக்க நாய்தான்யா மிஞ்சும்."

பக்கத்தில் நின்ற பையக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பையக்கா என்பது அந்தக் கட்டடம் அவளுக்கு வைத்த பெயர். ஏழு மாடியும் அலுவலகங்கள். உள்ளே வரும் ஆண்களை மீசை சோதிப்பான். பெண்கள் வரிசை அவளுடையது. அவளுக்கென்று ஒரு இரும்பு மேசை, அதன்மேல் பென்சிலைவிடச் சற்று நீளமான மரக்குச்சி. வருகிறவர்கள் பையைத் திறந்து காட்டினால், குச்சியால் மேலாக விலக்கிப் பார்த்துவிட்டு, "போங்கம்மா" என்பாள். நாள் முழுக்கக் குனிந்தே பார்த்ததில், ஆட்களை அவள் முகத்தைவிடப் பையை வைத்துத்தான் அதிகம் அறிந்திருந்தாள். ஒருமுறை தெருவில் எதிரே வந்த சொந்த நாத்தனாரை, புதுப் பை வாங்கியிருந்த ஒரே குற்றத்துக்காக, அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டாள். அந்தப் பேச்சு குடும்பத்தில் இன்னும் ஓயவில்லை.

பயம் அவளுக்குக் கூடப் பிறந்தது. காலையில் வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். "நம்ம வீட்டுப் பூட்டு உடைஞ்சா அது திருடன் வேலையா இருக்காது, உன் வேலையாத்தான் இருக்கும்" என்பார் புருஷன். அவர் லாரி ஓட்டியவர். பார்வை மங்கியதிலிருந்து வண்டியைத் தொடுவதில்லை. அடுப்படி அவர் கைக்குப் போயிருந்தது. மகள் நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம். அந்த வீட்டுக்குள் நிச்சயமாக வந்துகொண்டிருந்த சம்பளம் பையக்காவுடையது மட்டும். அவள் உடம்பிலிருந்து அந்த நீலச் சட்டை கழன்றால் மகள் படிப்பும் பாதியில் கழன்றுவிடும். இதை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"ஏங்க, உங்க மேல ஏதாவது கேஸ் இருக்கா?"

"லாரி ஓட்டினவன்டி நான். கேஸ் இல்லாத லாரிக்காரன் எங்க இருக்கான்?"

"அப்பா, சும்மா இருங்க. அம்மா நிஜம்னு நம்பிடுவாங்க" என்றாள் மகள்.

அம்மா அதற்குள் நம்பி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

வதந்தி என்று நினைத்தது ஒரு வாரத்தில் காக்கி உறையில் வந்து இறங்கியது. ஏஜென்சி சூப்பர்வைசர் மோட்டார் பைக்கை வாசலிலேயே நிறுத்தி, ஆளுக்கொரு விண்ணப்பத்தைக் கையில் திணித்தான். தேதிக்குள் லைசென்ஸ் வாங்காதவர்களை எந்தக் கட்டடத்திலும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஏஜென்சியையே இழுத்து மூடிவிடுவார்கள். பஸ் டிக்கெட் கதை மட்டும் பொய் என்றான். அதைக் கேட்ட பிறகும் பையக்கா தன் வாழ்க்கையில் ஏறிய பஸ்களை எல்லாம் மனசுக்குள் ஒருமுறை நிறுத்திப் பார்த்துக்கொண்டாள்.

போலீஸ் விசாரணை சுலபமாக முடிந்தது. டாக்டர் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, நெஞ்சில் குழல் வைத்து, "ஏம்மா உங்க இதயம் இப்படி ஓடுது? வாசல்ல யாராவது துரத்துறாங்களா?" என்று கேட்டாரே தவிர, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. விண்ணப்பக்காரரைப் பல வருஷமாக நேரில் தெரிந்த ஒருவர் அவருக்காக வாக்குச் சொல்ல வேண்டும். சொந்தக்காரராக இருக்கக் கூடாது. அதே ஏஜென்சியில் வேலை செய்பவராகவும் இருக்கக் கூடாது. டாக்டர், ஆசிரியர், வக்கீல், ஆடிட்டர் என்று பெயருக்குப் பின்னால் ஒரு தொழில் உள்ளவராக இருக்க வேண்டும். சரிபார்ப்பு அலுவலகம் அவரைப் போனில் கூப்பிட்டு விசாரிக்கும்.

உள்ளூர்க்காரனான மீசை, தான் படித்த பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரைப் போட்டுவிட்டான். "மூணு தடவை ஃபெயிலாக்கினவரு. என்னை அவருக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்குத் தெரியும்?" பையக்கா பிழைக்க வந்த ஊர் இது. வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அவளுக்குத் தெரிந்தவர்கள் வீட்டுக்காரம்மா, பால்காரர், பஸ் கண்டக்டர். நல்லவர்கள்தான். ஆனால் விண்ணப்பம் கேட்ட சாதியில் ஒருவரும் இல்லை.

இரண்டு நாள் விழுங்கி விழுங்கிப் பார்த்துவிட்டு, மூன்றாம் மாடி ஆடிட்டர் மேடத்திடம் கேட்டாள். கட்டடத்தில் அவர் அலுவலகம் வந்த நாளிலிருந்து தினமும் காலையில் இந்த மேசையைத் தாண்டிப் போகிறவர். ஆரம்பத்தில் பையைத் திறந்து காட்டியவர். பழகப் பழக, பையை லேசாகத் தூக்கி ஆட்டினாலே இவள் தலையாட்டிவிடும் அளவுக்கு ஆகியிருந்தது.

"போட்டுக்கங்க பையக்கா, இதுக்கா இவ்வளவு தயங்குறீங்க? உங்களை எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, தன் நம்பரையும் கொடுத்துவிட்டு லிஃப்டில் ஏறினார்.

அன்று வீடு பூட்டப்பட்டிருந்ததா என்று அவள் ஒரு தடவைதான் நினைத்தாள்.

பிறகு பயிற்சி. விடுமுறை நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் நடந்தது. பெஞ்சு சின்னப் பிள்ளைகளுக்கானது. மீசையின் முழங்கால் இரண்டும் மேசைக்கு மேலே, வெட்டுக்கிளி மாதிரி நின்றன. பாடம் நடத்தியவர் சிறைச்சாலையில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே வகுப்பு மூச்சு விடாது.

"கட்டடத்துல தீப்பிடிச்சா முதல்ல என்ன செய்வீங்க?"

"சூப்பர்வைசருக்குச் சொல்லுவோம்மா!" வகுப்பு ஒரே குரலில் சொன்னது.

"அவர் வர்ற வரைக்கும்?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். "நிமிர்ந்து நிப்போம்மா."

"நல்லது. நிமிர்ந்து நின்னபடியே வெந்து போங்க. உக்காருங்க."

சோதனை பற்றிய பாடத்தன்று அந்த அம்மா தன் கைப்பையை மேசைமேல் வைத்தார். "உங்க எல்லார்கிட்டயும் ஒரு வியாதி இருக்கு. தெரிஞ்சவங்கதானே, தினம் வர்றவங்கதானேன்னு விட்டுடுவீங்க. அதுக்குப் பேரு மூஞ்சிப் பாஸ். ஜெயில்ல என் காலத்துல உள்ள போன கத்தி எல்லாம் தெரிஞ்ச மூஞ்சிங்க கையிலதான் போச்சு. இனிமே முதலாளியம்மாவே வந்தாலும் பை திறக்கணும். உங்க கை உள்ள போகக் கூடாது. என்னன்னு தெரியாத பொருள் இருந்தா, என்ன இது, எதுக்குன்னு தெளிவாக் கேக்கணும். மென்னு முழுங்கக் கூடாது. ஆனா அந்தக் கேள்வியைத் திரைக்கு உள்ள கூட்டிட்டுப் போய்க் கேளுங்க. சோதனைங்கறது ஊரைக் கூட்டி மானத்தை வாங்குறது இல்ல."

பையக்கா எல்லாவற்றையும் நெட்டுருப் போட்டாள். பாத்திரம் கழுவும்போது குழாயிடம், "என்ன இது? எதுக்கு?" என்று தெளிவாகக் கேட்டுப் பழகினாள். பரீட்சையில் தேறினாள். வாக்குச் சொல்லும் போன் ஒன்றுதான் பாக்கி.

பயிற்சி முடிந்து வேலைக்குத் திரும்பிய காலை. வரிசை நீளம். ஆடிட்டர் மேடம் அன்று தனியாக வரவில்லை. கூடவே கோட்டு போட்ட இரண்டு பேர், யாரோ பெரிய கம்பெனி ஆட்கள். மேடம் எதையோ சொல்லிச் சிரித்தபடி, வழக்கம்போலப் பையைத் தூக்கி ஆட்டினார்.

"பையைத் திறங்க மேடம்."

"நானா?"

"ரூல்ஸு மேடம். எல்லாருக்கும்தான்."

மேடத்தின் சிரிப்பு போகவில்லை, கொஞ்சம் இறுகியது. "பாருங்க, எங்க பில்டிங்ல எவ்வளவு பாதுகாப்புன்னு" என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே ஜிப்பை இழுத்தார். பையக்கா குச்சியால் மேலே கிடந்த கைக்குட்டையை விலக்கினாள். அடியில் கறுப்பாக, சுருண்டு, பூனைக்குட்டி படுத்த மாதிரி ஏதோ இருந்தது. இத்தனை வருஷத்தில் எந்தப் பையிலும் அவள் பார்க்காத பொருள். வகுப்பில் சொன்னது அட்சரம் பிசகாமல் வாயில் வந்து நின்றது.

"என்ன மேடம் இது?"

தெளிவாகத்தான் கேட்டாள். மென்று விழுங்கவில்லை. கோட்டு போட்டவர்கள் இருவரும் குனிந்து பைக்குள் பார்த்தார்கள்.

"விக்" என்றார் மேடம். உதடு மட்டும் அசைந்தது.

"எதுக்கு மேடம்?"

ஒருவர் இருமினார். இன்னொருவர் கூரையில் இருந்த விளக்கை ஆராய ஆரம்பித்தார். மேடத்தின் கை தானாக உயர்ந்து தலையைத் தொட்டு, தொட்டதை உணர்ந்து கீழே இறங்கியது. ஜிப்பை மூடினார். லிஃப்டின் கதவு சேரும்வரை அவர்கள் மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வரிசை குறைந்ததும் மீசை மெல்ல வந்தான். "ஏன்க்கா, உள்ள கூட்டிட்டுப் போய்க் கேட்டிருக்கலாம்ல?"

"எந்த உள்ள?"

கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். மேசைக்குப் பின்னால், சுவரோரம், பச்சைத் திரை போட்ட தடுப்பு. பெண்களைத் தனியாகச் சோதிப்பதற்கென்றே கட்டடக்காரர்கள் கட்டிக் கொடுத்தது. திரையை விலக்கினால் உள்ளே இவர்கள் இருவரின் சாப்பாட்டுத் தூக்குகள், குடைகள், கால் உடைந்த நாற்காலி, துடைப்பம், மழையில் நனைந்த மீசையின் கால்சட்டை காய்வதற்கு ஒரு கொடி. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளில் முதலில் உள்ளே வைத்தது சாப்பாட்டுத் தூக்கைத்தான். அன்றிலிருந்து அந்த இடத்துக்கு அவர்கள் பாஷையில் பெயரே 'சாப்பாட்டு ரூம்'. வகுப்பில் அந்த அம்மா 'திரைக்கு உள்ள' என்று சொன்னபோது, வேறு ஏதோ பெரிய கட்டடத்தில் இருக்கும் வசதி போலிருக்கிறது என்றுதான் பையக்கா எழுதிக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது சூப்பர்வைசர் போன் செய்தான்.

"அக்கா, சரிபார்ப்பு ஆபீஸ்லேர்ந்து உங்க ஆடிட்டர் மேடத்தைக் கூப்பிட்டாங்களாம். எடுக்கலையாம். நாளைக்குக் காலைல இன்னொரு தடவைதான். அதுக்கும் எடுக்கலைன்னா ஃபைலைத் திருப்பிடுவாங்க."

"வேற ஆளு குடுக்கலாமா தம்பி?"

"முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்க்கா. தேதி தாண்டிடும். அதுவரைக்கும் உங்களை வாசல்ல நிறுத்த முடியாது. நான் நிறுத்தினா என் தலை உருளும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "அவங்களைப் பார்த்தா போனை எடுக்கச் சொல்லுங்க. என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லிக் குடுத்துடாதீங்க. நீங்க போய்ப் பேசினீங்களான்னும் அவங்ககிட்ட கேப்பாங்க."

சும்மாவே அவள் பயந்தவள். இப்போது பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் போச்சு. பாதிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மூன்றாம் மாடிக்குப் படியேறினாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்த உதவியாளர் பெண், "மேடம் யாரையும் பார்க்கலைக்கா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலைல வந்தவங்க டீகூடக் குடிக்காமக் கிளம்பிட்டாங்க. மேடம் அப்புறம் பேசவே இல்ல" என்றாள். கதவைத் தாண்டி ஓர் அறையில் மேடத்தின் முதுகு தெரிந்தது. பையக்கா படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் அவள் சொல்லச் சொல்ல, புருஷன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"காலைல போனதும் கால்ல விழுந்துடு. மன்னிப்புதானே? காசா பணமா?"

"எதுக்குப்பா விழணும்?" மகள் சீறினாள். "பையைத் திறக்கச் சொன்னது தப்புன்னு அம்மா மன்னிப்புக் கேட்டா, நாளைக்கு எவன் கேட்டாலும் திறக்காம விடணும். எங்க ஆஸ்பத்திரில ஊசி போட்டதுக்கா மன்னிப்புக் கேக்கறோம்?"

"எல்லார் முன்னாடியும் சட்டையைக் கழட்டச் சொல்லி ஊசி போட்டா கேப்பீங்க இல்ல?" என்றாள் பையக்கா.

புருஷன் தேற்றுவதாக நினைத்து, "மடியில கனமில்லைன்னா வழியில பயமில்லை. நீ என்ன திருடினவளா?" என்றார்.

"கனம் என் மடியில இல்லீங்க. அவங்க பையில இருந்துச்சு. நான்தான் இழுத்து வெளிய போட்டேன்" என்றாள் பையக்கா.

அவள் அழுதிருந்தால் அவர்களுக்குத் தெரிந்த ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அவள் எழுந்து போய்ச் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டாள். போட்ட சட்டைக்கே மறுபடி போட்டாள்.

காலையில் மீசை வருவதற்கு முன்பே திரைக்குள் இருந்ததெல்லாம் வெளியே கிடந்தது. அவன் தன் கால்சட்டையை வாளியில் கண்டெடுத்து, "ஏன்க்கா, என் மானத்தை நடுவாசல்ல வெச்சுட்டீங்களே" என்றான். அவள் முகத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு பேசாமல், துடைப்பத்தையும் உடைந்த நாற்காலியையும் மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய்ச் சொருகினான். தரையைத் துடைத்தார்கள். மீசை எங்கிருந்தோ ஒரு சின்ன மேசையைத் தூக்கி வந்து உள்ளே போட்டான். "ஆட்டம் காணுது. ஒரு அட்டையை மடிச்சு வெச்சிருக்கேன். அழுத்தாதீங்க."

வரிசை தொடங்கியது. ஒவ்வொரு பையாகக் குனிந்து பார்த்தாள். பார்த்ததெல்லாம் கண்ணில் பட்டதே தவிர மனசில் ஏறவில்லை. இரண்டு தடவை, "போங்கம்மா" என்று சொல்ல மறந்து, ஆட்கள் அப்படியே நின்றார்கள். மேடம் இன்று வராமலே இருந்துவிட்டால்? பின்வாசல் வழியாகப் போயிருந்தால்? போனையே வீட்டில் வைத்துவிட்டு வந்தால்?

மேடம் வந்தார். தனியாக. வரிசையில் நின்றார். முறை வந்ததும், இவள் வாய் திறக்கும் முன்பே பையை மேசைமேல் வைத்து ஜிப்பை முழுக்கத் திறந்தார்.

"பார்த்துக்கங்க. பத்தலைன்னா பின்னாடி நிக்கறவங்களையும் கூப்பிடவா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பையக்கா குச்சியைக் கையில் எடுக்கவில்லை.

"உள்ள வாங்க மேடம்" என்று திரையை விலக்கிப் பிடித்தாள்.

மேடம் சற்று நின்று, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இரண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும் இடம். சோப்புத் தண்ணீரின் வாசனை. பையைச் சின்ன மேசையில் வைத்தார். மேசை ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

பையக்கா பேசப்போவது சோதனையைப் பற்றி. லைசென்ஸைப் பற்றி இல்லை. அதனால் பேசலாம் என்று பஸ்ஸில் வரும்போதே தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லி வைத்திருந்தாள்.

"பையைத் திறக்கச் சொன்னது தப்பில்ல மேடம். நாளைக்கும் சொல்லுவேன். கேட்ட இடம்தான் தப்பு. இங்க கூட்டிட்டு வந்து கேட்டிருக்கணும். இதுக்குன்னே கட்டின இடம் இது. நாங்கதான் சாப்பாட்டுத் தூக்கு வெச்சு அடைச்சு வெச்சிருந்தோம். மன்னிச்சுடுங்க."

"சாப்பாட்டுத் தூக்கா?"

"குடையும் இருந்துச்சு மேடம். அவரோட கால்சட்டையும்."

மேடத்தின் முகத்தில் என்னவோ அசைந்தது. சிரிப்பா, அழுகையா, இரண்டுக்கும் முந்தியதா என்று பையக்காவால் படிக்க முடியவில்லை. முகம் படித்துப் பழக்கமில்லாதவள்.

"அந்த ரெண்டு பேரும் என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பாங்கன்னு நேத்து முழுக்க..." என்று மேடம் தொடங்கினார்.

பைக்குள் போன் அடித்தது. திறந்த ஜிப்பின் வழியாக, கைக்குட்டைக்குப் பக்கத்தில், போனின் திரை ஒளிர்வது இருவருக்கும் தெரிந்தது. பெயர் இல்லை. நம்பர் மட்டும்.

மேடம் எட்டிப் பார்த்தார். "நேத்தும் இதே நம்பர்தான். லோன் வேணுமா, கார்டு வேணுமான்னு இவனுங்களுக்கு வேற வேலை இல்ல." அப்படியே அடிக்கட்டும் என்று நிமிர்ந்தார்.

எடுக்கச் சொன்னால் சொல்லிக் கொடுத்ததாகுமா? எடுக்கத்தானே சொல்லலாம் என்றான் சூப்பர்வைசர் தம்பி? பையக்கா வந்து பேசினாளா என்று ஆபீஸில் கேட்டால் மேடம் என்ன சொல்வார்? இப்போது, இந்த நிமிஷத்தில், இவள் பேசிக்கொண்டுதானே இருக்கிறாள்?

"அது லோன் இல்ல மேடம்."

"பின்ன?"

"என்னைப் பத்திக் கேக்கறவங்க. லைசென்ஸ் ஆபீஸ். எடுங்க மேடம். என்ன சொல்றீங்கங்கறது உங்க இஷ்டம்."

மேடம் அவளைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். பைக்குள் கைவிட்டு அதை எடுத்து, உள்ளங்கையில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். கட்டைவிரல் திரைக்கு மேலே வந்து நின்றது.

"அக்கா, லைன் வாசலுக்கு வெளிய போயிடுச்சு!" வெளியிலிருந்து மீசையின் குரல்.

பையக்கா கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள். போன் மேடத்தின் கையில் அதிர்ந்து அதிர்ந்து அடித்துக்கொண்டிருந்தது.